விதைக்கு விட்ட காய்

வெண்டைக்காய் பறிக்கும்போது எப்படியும் ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடும். இலைக்குப் பின்னால், தண்டோடு ஒட்டி, பச்சையோடு பச்சையாக நின்றுகொண்டிருக்கும். மூன்று நாள் கழித்து அகப்படும்போது நுனியை ஒடித்தால் ஒடியாது, வளையும். "முத்திப்போச்சு. சரி, விதைக்குக் கிடக்கட்டும்" என்பார் அம்மா. எங்கள் வீட்டில் விதைக்காய் தேர்வானது இப்படித்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தப்பித்த காய் விதைக்காய் ஆனது.

இது எவ்வளவு பெரிய முடிவு என்று அப்போது தெரியாது. ஒரே செடியில் தொங்கும் காய்களுக்குள் பரம்பரையில் பெரிய வித்தியாசம் கிடையாதுதான். ஆனால் எந்தச் செடியில் காய் சீக்கிரம் நாரேறுகிறதோ, அந்தச் செடியில்தான் அடிக்கடி காய் முற்றும்; அதன் விதைதான் டப்பாவில் அதிகம் சேரும். ஐந்து நாள் ஆனாலும் இளசாக நிற்கும் காய் குழம்புக்குப் போய்விடும். இப்படிப் பத்து வருடம் விதை எடுத்தால், நமக்கு வேண்டாத குணத்தை நாமே பார்த்துப் பார்த்து வளர்த்ததாக ஆகும். டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில், மனிதன் திட்டமிட்டுச் செய்யும் தெரிவு ஒன்று, தன்னையறியாமல் செய்யும் தெரிவு ஒன்று என்று பிரித்துப் பேசுகிறார். நம் கொல்லைகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

மாடித்தோட்டமும் விதைத் திருவிழாக்களும் பெருகிய பிறகு, 'என் வீட்டு ரகம்' என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. யாரோ ஒருவர் நீளமான கத்தரியையும் முள்ளுக் கத்தரியையும் கலந்துவிட்டதாகச் சொல்கிறார். இன்னொருவர் கடைத் தக்காளியின் விதையைப் போட்டுப் புது ரகம் கண்டுவிட்டதாகப் பெயரும் வைத்துவிட்டார். இந்த ஆர்வத்துக்கு நான் எதிரியில்லை. சொல்லப்போனால் ஐந்து வருடமாக வெண்டையில் நானும் இதே பைத்தியத்தில்தான் இருக்கிறேன். ஆனால் இந்தப் பெயரில் நடப்பதில் பாதிக்கு மேல் ரகம் உருவாக்கல் அல்ல என்பதும், தடையென்று எல்லோரும் நினைக்கும் இடத்தில் தடை இல்லை என்பதும் இந்த ஐந்து வருடத்தில் புரிந்தது.

முதலில் இதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சந்தைக்கான ரகத்தை உருவாக்குபவருக்கு வேறு கவலைகள். லாரியில் நசுங்காத தோல், ஒரே அளவுக் காய், ஒரே வாரத்தில் மொத்தமாக அறுவடை. வீட்டுக்காரருக்கு இதில் மூன்றாவது குணம் தொல்லை. இருபது செடியும் ஒரே வாரத்தில் காய்த்துத் தள்ளினால் நான்கு நாள் தொடர்ந்து அதே பொரியல், ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்குத் தானம். வீட்டுக்கு வேண்டியது நான்கு மாதம் விட்டு விட்டுக் காய்க்கும் செடி. சந்தையில் குறையென்று தள்ளப்படும் சீரின்மை இங்கே வசதி. அதேபோல, மொட்டை மாடி தனியொரு தட்பவெப்பம். சித்திரையில் தளம் இரவிலும் சூட்டைக் கக்கும். இரவு வெப்பம் இறங்காத நாட்களில் தக்காளி பூவை உதிர்த்துவிடும். அந்தக் கத்திரி வெயிலிலும் இரண்டு காய் பிடித்து நிற்கும் ஒரு செடி உங்கள் மாடியில் இருந்தால், அந்தக் குணத்தைத் தேட உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. உங்கள் மாடிக்காக எந்த நிறுவனமும் ஆராய்ச்சி செய்யப்போவதில்லை.

என் தேவையும் அப்படிப்பட்டதுதான். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில் அது நடக்காது. புதனும் ஞாயிறும்தான் கொல்லைப் பக்கம் போக முடியும். எனவே பூத்து ஒரு வாரம் ஆனாலும் நுனி ஒடியும் வெண்டை வேண்டும். பெருவிவசாயிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆள் வைத்துப் பறித்துக்கொள்வார்.

கொல்லைத் தெரிவை இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு நம் அரசு ரகங்களின் பூர்வீகத்தைக் காட்டலாம். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கத்தரிகளில் மதுரை எம்.டி.யு 1 கள்ளம்பட்டி உள்ளூர்க் கத்தரியிலிருந்து தெரிவு செய்யப்பட்டது. கிள்ளிகுளத்தின் கே.கே.எம் 1 குளத்தூர்க் கத்தரியிலிருந்து வந்தது. கோ 2 வரிக்கத்தரியின் பிள்ளை. நாடெங்கும் பரவிய பெரியகுளம் செடிமுருங்கை பி.கே.எம் 1-க்கும் மூலம் தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் முருங்கை. விஞ்ஞானிகள் அங்கே புதிதாக எதையும் படைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் தலைமுறைகளாக விதைக்கு விட்டு வந்த கலவையிலிருந்து நல்லதைப் பிரித்தெடுத்தார்கள். கள்ளம்பட்டியில் எந்தக் கிழவி அந்தக் காயில் சீலைத்துணி கட்டி விட்டாளோ, அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சீலைத்துணி என்றது சும்மா இல்லை. சிவகங்கைப் பக்கத்து எங்கள் அப்பத்தா அப்படித்தான் செய்வாள். நல்ல செடியின் இரண்டாவது மூன்றாவது கத்தரிக்காயில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவாள். யாரும் தொடக்கூடாது. காய் பழுத்து மஞ்சளானதும் கீறி, விதையைச் சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைப்பாள். பூசணி விதையைச் சாணியில் பொதிந்து சுவரில் அறைவாள். அவளுக்கு அடுத்த தலைமுறையில், கடையில் விதைப் பொட்டலம் கிடைக்க ஆரம்பித்ததும், கிழிசல் கட்டும் பழக்கம் போய் 'கிடக்கட்டும்' வந்துவிட்டது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. பத்து ரூபாய்க்கு விதை கிடைக்கும்போது முதல் காயை எவர் விடுவார்கள்? வெண்டையில் ஒரு காயை முற்ற விட்டாலே செடியின் வேகம் மட்டுப்படும். அடுத்தடுத்துப் பூப்பது குறையும். நல்ல விதைக்கு விலை அன்றைய குழம்பு.

இனி, புது ரகம் என்றதும் எல்லோரும் ஓடுகிற இடத்துக்கு வருவோம்: கலப்பு. அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாளை விரியப்போகும் கத்தரி மொட்டைச் சாயங்காலமே பிரித்து, மஞ்சள் மகரந்தப் பைகளை முள்முனையால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சூல்முடியை மட்டும் விட்டு, காகிதப் பையால் மூட வேண்டும். காலையில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து அதில் தொட்டு, மறுபடி மூட வேண்டும். கத்தரியில் சூல்தண்டு நீண்ட பூக்களும் குட்டையான பூக்களும் இருக்கும். நீண்டதைத் தேர்ந்தால்தான் காய் பிடிக்கும். பத்துப் பூவில் மூன்று தேறினால் போதும், ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை. கை நடுங்காத எவருக்கும் இது இரண்டு நாளில் பழகும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கலந்த முதல் தலைமுறை எல்லாம் ஒன்றுபோல் வந்து நிற்கும். தோட்டக்காரர் பூரித்துப்போய்ப் பெயர் வைப்பது இந்த இடத்தில்தான். அடுத்த தலைமுறையில் எல்லாம் சிதறும். இது 1866-இல் மெண்டல் பட்டாணியில் கணக்கிட்டுக் காட்டியது. ஒடுங்கு குணம் ஒன்று, அதாவது முதல் தலைமுறையில் மறைந்து நிற்கும் குணம், வேண்டுமென்றால் நான்கில் ஒரு செடி. அப்படி மூன்று குணங்கள் ஒரே செடியில் சேர வேண்டுமென்றால் 64-இல் ஒன்று. மாடியில் 16 பைகள் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு செடி கண்ணில் படும் வாய்ப்பு கால்வாசிக்கும் குறைவு. 'அநேகமாகக் கிடைத்துவிடும்' என்று சொல்ல 190 செடிகளாவது நட வேண்டும். கிடைத்த பிறகும் அது நிலைப்பட வேண்டும். தன் மகரந்தத்தாலேயே காய்க்க விட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் ஐம்பது விழுக்காடு இருந்தது ஆறாம் தலைமுறையில் மூன்று விழுக்காட்டுக்கு வரும். வருடத்துக்கு ஒரு போகம் கத்தரி வைக்கும் வீட்டில் இது ஆறு வருடக் கதை. அதற்குள் வாடகை வீடு மாறிவிடும்.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டுத் தக்காளியின் விதையைப் போட்டவர் கண்டதும் இந்தச் சிதறல்தான். அதில் தவறில்லை, நல்ல தொடக்கம்கூட. யாரோ ஒருவர் ஏற்கெனவே கலப்பைச் செய்து கொடுத்துவிட்டார், இனித் தெரிவுதான் பாக்கி. ஆனால் தொடக்கத்தை முடிவென்று அறிவிப்பதுதான் பிழை.

என்னைக் கேட்டால், செடி எண்ணிக்கையைவிடவும் ஏமாற்றுவது நம் கண். என் இரண்டாம் வருட அனுபவம் ஒன்று. கொல்லைப் பாத்தியில் இருபத்திரண்டு வெண்டைச் செடிகள். கடைசிச் செடி மட்டும் ஆளுயரம், கைப்பிடி மொத்தத் தண்டு, காய் எட்டு நாளிலும் ஒடிந்தது. இதுதான் என் ரகம் என்று முடிவு செய்து, பூ மொட்டுகளை முதல் நாள் சாயங்காலமே நூலால் சுற்றிக் கட்டி, வண்டு நுழையாமல் பார்த்து விதை எடுத்தேன். அடுத்த வருடம் அந்த விதை முழுவதும் முளைத்தது. எல்லாம் சாதாரணச் செடி. ஐந்தாம் நாள் நார்.

காரணம் சிரிப்பானது. அந்தக் கடைசிச் செடி நின்றது பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில். கஞ்சித் தண்ணீரும் அரிசி கழுநீரும் குடித்து வளர்ந்தது. நான் தேர்ந்தெடுத்தது செடியை அல்ல, வாய்க்காலை.

டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-இல் பீன்ஸில் காட்டியதும் இதைத்தான். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் 19 தூய வழிகளை, அதாவது ஒவ்வொன்றும் ஒரே விதையின் வாரிசுகளாக வந்தவற்றை, எடுத்துக்கொண்டார். ஒரே வழிக்குள் கனமான விதைகளையும் லேசான விதைகளையும் தனித்தனியாகப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக விதைத்தார். கனமானதன் பிள்ளைகள் கனமாக வரவில்லை. அந்த வித்தியாசம் மண்ணும் இடமும் கொடுத்தது, விதைக்குள் இல்லை. ஆனால் வழிக்கும் வழிக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மாறாமல் வந்தது. மரபணுவைக் குறிக்கும் 'ஜீன்' என்ற சொல்லை 1909-இல் உலகத்துக்குக் கொடுத்தவரும் இவரே. வீட்டில் விதை எடுப்பவர் இவரிடம் கற்க வேண்டியது எளிது: ஒரு செடியைப் பார்த்து மயங்காதே, அதன் பிள்ளைகளைப் பார். நான்கு செடியின் விதையை நான்கு பொட்டலமாகத் தனித்தனியே வைத்து, அடுத்த வருடம் ஒரே பாத்தியில் வரிசை வரிசையாகப் போட்டால் எந்தத் தாய் நல்ல தாய் என்று தானே தெரியும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டும் பழக்கம் இந்த ஒரு வாய்ப்பையும் கெடுக்கிறது.

மூன்றாவது குறையைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். நமக்குச் செடியைப் பிடுங்க மனசு வராது. விதைப் பண்ணையில் கலவன் நீக்குவது என்றொரு வேலை உண்டு. குணம் மாறிய செடியைப் பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிடுவார்கள். களை எடுக்கும் நம் கை, நாமே நட்டுத் தண்ணீர் ஊற்றிய செடியிடம் போனதும் நின்றுவிடும். 'அதுவும் காய்க்கத்தானே செய்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.' அது இருந்தால் பூக்கும், பூத்தால் வண்டு அதன் மகரந்தத்தையும் நல்ல செடிக்குக் கொண்டுபோகும். வெண்டையில் அயல் மகரந்தம் ஏற்பது 4 முதல் 19 விழுக்காடு வரை என்று பாடநூல்கள் சொல்கின்றன. பிடுங்க மனசில்லாதவர் மொட்டிலாவது நூல் கட்ட வேண்டும். இரண்டும் செய்யாமல் ரகம் என்று பேசுவதில் பொருளில்லை. அறிவு போதாமல் தோற்றவர்களைவிட, இரக்கத்தால் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் சேர்த்து.

வெண்டையிலும் கத்தரியிலும் தோற்றால் நட்டம் ஒரு போகம். கொடிக்காய்களில் அப்படியில்லை, அங்கே எச்சரிக்கை வேண்டும். தமிழில் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று சொற்கள் இருப்பதைக் கவனிக்கலாம். வேலியோரம் தானாக முளைத்த, கசக்கும் காட்டு உறவுகளுக்கு முன்னோர் பேய் என்று பெயரிட்டது அழகுக்காக அல்ல. சுரையும் பீர்க்கும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறாகப் பூப்பவை. பூச்சி இல்லாமல் காய் இல்லை. பக்கத்தில் எங்கோ ஒரு பேய்ச்சுரை படர்ந்திருந்தால், அதன் மகரந்தம் உங்கள் சுரைக்கு வந்து சேரும். இந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையைப் போட்டு வந்த அடுத்த வருடக் காயில் கசப்பு தலைகாட்டும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சு. வேகவைத்தாலும் போகாது. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தார். அதையடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து, சாறு கசந்தால் குடிக்காமல் கொட்டிவிடுங்கள் என்று எச்சரித்தது.

இதில் ஒரு தவறான நம்பிக்கையும் ஊரெல்லாம் உண்டு: பீர்க்குப் பக்கத்தில் பாகல் வைத்தால் பீர்க்கு கசக்கும் என்பார்கள். பாகலும் பீர்க்கும் வேறு வேறு பேரினம், கலக்கவே கலக்காது. பாவம், பாகல் மேல் வீண்பழி. ஆனால் பழைய ஆட்கள் பீர்க்கை நறுக்கும் முன் நுனியில் ஒரு துண்டு கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தை வீட்டு விதையில் விளைந்த ஒவ்வொரு சுரைக்கும் பீர்க்குக்கும் விடாமல் செய்ய வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் கொடியையே எடுத்துவிட வேண்டும். இங்கேயாவது இரக்கம் கூடாது.

இதற்கெல்லாம் வழி என்ன என்று கேட்டால், வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. சான்று விதைப் பண்ணைக்கு விதித்திருக்கும் பயிர் விலகு தூரத்தைப் பாருங்கள். தக்காளிக்கு 25 மீட்டர், கத்தரிக்கு 100, வெண்டைக்கு 200. வெண்டையைப் பொறுத்தவரை என் தோட்டத்தின் எல்லை என் மதில் அல்ல, எங்கள் தெருவின் கடைசி வீடு. தெருவே ஒரே வெண்டையை வைத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. ஆளுக்கு இருபது செடி என்று பத்து வீட்டில் வைத்தால் இருநூறு செடி, 190-ஐத் தாண்டிவிட்டோம்.

இது கனவுக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரினா நஸ்கி ஸ்மாலும் 2005 வாக்கில் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வீட்டுத் தோட்டக்காரர்கள். தொட்டியில் வளரும் குட்டைச் செடி, ஆனால் பழம் பழைய ரகங்களின் ருசியோடு இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஒருவர் கலந்த விதையைப் பலர் பிரித்து வளர்த்தார்கள், குறிப்பெழுதினார்கள், நல்லதைத் திருப்பி அனுப்பினார்கள். வடக்கில் குளிர்காலம் வரும்போது தெற்கில் கோடை. விதை இங்குமங்கும் பயணம் செய்து வருடத்துக்கு இரண்டு தலைமுறை ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் இன்று அதிலிருந்து வந்திருக்கின்றன. நமக்கு அரைக்கோளமெல்லாம் தாண்ட வேண்டாம், ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் இருக்கின்றன. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்ற முறையும் நம்மிடம் இருக்கிறது. அது பாதுகாக்க வந்த முறை. அதோடு ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சேர்த்தால் உருவாக்கவும் உதவும். நம் விதைத் திருவிழாக்களில் எனக்குள்ள மனக்குறை இதுதான்: விதை கை மாறுகிறது, குறிப்பு கை மாறுவதில்லை. எந்தச் செடி, என்றைக்கு விதைத்தது, பக்கத்தில் என்ன பூத்திருந்தது என்று ஒரு வரி இல்லாத பொட்டலத்தை வாங்கி என்ன தெரிவு செய்வது?

சட்டம் குறுக்கே நிற்காது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, நிறுவனப் பெயர் பொறித்த விதையாக அல்லாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. உழவர் என்பதற்கான வரையறையிலேயே, பாரம்பரிய ரகத்தைத் தெரிவு செய்து மேம்படுத்துபவரும் வருகிறார். ரகமாகப் பதிவு செய்வது வேறு. அதற்குத் தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை மூன்றும் காட்ட வேண்டும். நம் கொல்லை வெண்டைக்கு அந்தப் பட்டம் எதற்கு?

இந்த வருடம் கொஞ்சம் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். நான்கு தாய்ச் செடிகளின் விதை, நான்கு வரிசை, வாய்க்காலிலிருந்து எல்லாம் ஒரே தூரம். மூன்றாம் வரிசையில் ஒரு செடியின் முதல் இரண்டு காய்க்குச் சிவப்பு நூல் கட்டி, பூத்த தேதியை அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் எல்லோரும் திடீரென்று சாப்பிட வந்துவிட்டார்கள். மத்தியானம் கொல்லைக்குப் போனால் ஒரு நூல் மட்டும் காம்பில் தொங்குகிறது.

"அம்மா, நூல் கட்டின காயைப் பறிச்சியா?"

"ஒரு காய் குறைஞ்சுது. அதான் எடுத்தேன். ஏன்?"

"அது எட்டு நாள் காய்ம்மா."

"எட்டு நாளா?" அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "அரிவாள்மனையில நல்லா மளுக்குனு வெட்டுப்பட்டுச்சேடா."

சித்தப்பா இலையில் விரலால் துழாவி, எந்தத் துண்டு அது என்று தேட ஆரம்பித்தார். நான் நூல்கண்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போனேன். இன்னொரு காய் இருந்தது.